புயல் போன பிறகு வீட்டில் என்ன கோளாறு? செட்டிநாட்டு வீடுகளுக்கு, அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. கடல் நமக்கு எங்கேயோ கிடக்கிறது என்று இருந்த புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துக்காரர்களும் விடிந்து பார்த்தபோது மரமும் மின்கம்பமும் தெருவை மறித்துக் கிடந்தன. டெல்டா மாவட்டங்களையும் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேலான கம்பங்கள் விழுந்தன. சில கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது.

காற்று ஓட்டைப் பிரிக்கும், மரத்தைச் சாய்க்கும். அது கண்ணுக்குத் தெரிந்த சேதம். ஃபிரிட்ஜ் எரிவது, மோட்டார் புகைவது, ஆளுக்கு ஷாக் அடிப்பது எல்லாம் காற்று ஓய்ந்து, கரண்ட் திரும்பி வரும்போது நடப்பவை. அந்த நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்டாதீர்கள்.

முதலில்: இந்த வீட்டுக்குள் கரண்ட் எத்தனை வழியாக வருகிறது?

அடுக்குமாடி வீட்டில் ஒரு மீட்டர், ஒரு மெயின். அதை அணைத்தால் கதை முடிந்தது. நம்மூர் வீடு அப்படி இல்லை. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு (வீட்டின் பின்பகுதி) வாசல் அடுத்த தெருவில். நாலு பங்காளி இருந்தால் நாலு சர்வீஸ் இருக்கலாம். முன்தெருக் கம்பத்திலிருந்து ஒன்று, பின்தெருக் கம்பத்திலிருந்து ஒன்று என்று இரண்டு டிரான்ஸ்ஃபார்மரின் கரண்ட் ஒரே வளவில் (முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) ஓடும் வீடுகளும் உண்டு. உங்கள் அறைக்கு வெளியே தூணில் எரியும் பல்பு பெரியப்பா பங்கில் இருக்கும். அவர் கோலாலம்பூரில் இருப்பார். சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இதற்கு மேல் இன்வெர்ட்டர். மெயினை அணைத்த அடுத்த நொடியில் அது தானே விழித்துக்கொண்டு பாதி வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கும். மாடியில் சோலார் தகடு இருந்தால் வெயில் இருக்கும்வரை அதிலிருந்து வரும் வயரில் டி.சி. கரண்ட் நிற்காது. போதாததற்கு, எப்போதோ நடந்த அறுபதாங்கல்யாணத்துக்குப் பந்தல்காரர் இழுத்த லைன் ஒன்று கழற்றப்படாமல் தாழ்வாரத்து ஓரமாகத் தொங்கும்.

ஆகவே மழைக்காலத்துக்கு முன்பு, ஐப்பசி பிறக்கும்போதே, எலெக்ட்ரீசியனைக் கூட்டிக்கொண்டு வீட்டை ஒரு சுற்று சுற்றுங்கள். ஒவ்வொரு மெயினாக அணைத்து, எந்த விளக்கு அணைகிறது என்று பார்த்து, மெயின் மேலேயே மார்க்கரால் எழுதுங்கள்: ‘முகப்பு, வளவு வலப்பக்கம்’, ‘இரண்டாம் கட்டு, மோட்டார்’. இன்வெர்ட்டரின் சுவிட்ச் எது, பேட்டரி வயரைக் கழற்றும் இடம் எது என்பதையும் எழுதி ஒட்டுங்கள். பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லாத வீடாக இருந்தாலும் இந்த ஒரு வேலையைச் சேர்ந்து செய்துவிடுங்கள். கோர்ட் வழக்கு அது பாட்டுக்கு நடக்கட்டும்.

இனி கீழே ‘மெயினை அணையுங்கள்’ என்று வரும் இடமெல்லாம், எல்லா மெயினும், இன்வெர்ட்டரும் என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

விளக்கு கண் கூசும்படி எரிகிறது, ஃபேன் பேய் வேகத்தில் சுற்றுகிறது. அல்லது ஒரு அறையில் பளிச், அடுத்த அறையில் மங்கல்

நியூட்ரல் அறுந்திருக்கிறது. புயலுக்குப் பிறகு வீட்டுச் சாமான்களைக் கூட்டமாகச் சாகடிப்பது இதுதான்.

கம்பத்தில் வருவது மூன்று ஃபேஸ் (கரண்ட் வரும் வயர்), ஒரு நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்). ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். இரண்டு ஃபேஸுக்கு நடுவே 400 வோல்ட்டுக்கு மேல். கிளை விழுந்து நியூட்ரல் மட்டும் அறுந்துவிட்டால், ஒரு ஃபேஸில் இருக்கும் உங்கள் வீடும் இன்னொரு ஃபேஸில் இருக்கும் எதிர்வீடும் அந்த 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். பங்கு சமமாக இருக்காது. அங்கே கிரைண்டர், ஹீட்டர் என்று லோடு அதிகம் ஓடி, இங்கே இரண்டு பல்பு மட்டும் எரிந்தால், அதிக வோல்ட் இங்கே வந்து ஏறும். பல்பு பளிச்சென்று எரிந்து வெடிக்கும். டிவி, ஃபிரிட்ஜ் போர்டு, செல்போன் சார்ஜர் வரிசையாகப் போகும். வீட்டுக்கே மூன்று ஃபேஸ் சர்வீஸ் இருந்தால் இந்தப் பங்கு உங்கள் வீட்டு அறைகளுக்குள்ளேயே நடக்கும்.

என்ன செய்வது: ஒவ்வொரு சுவிட்ச்சாக அணைத்துக்கொண்டு ஓடாதீர்கள். இங்கே லோடு குறையக் குறைய மிச்சம் இருப்பதில் வோல்ட் இன்னும் ஏறும். நேரே மெயினை அணையுங்கள். பிறகு பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். அவர்களுக்கும் இதே கூத்து என்றால் கோளாறு கம்பத்திலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ இருக்கிறது. உங்களுக்கு மட்டும் என்றால் சர்வீஸ் வயர், மீட்டர், மெயின் இந்த மூன்றில் ஒன்று. புகார் சொல்லும்போது ‘கரண்ட் சரியில்லை’ என்று சொல்லாமல் ‘நியூட்ரல் கட்’ என்றே சொல்லுங்கள். ஈபியின் மின்னகம் எண் 94987 94987. புயல் நாளில் ஆயிரம் புகாருக்கு நடுவே, ‘நியூட்ரல் கட்’ என்றால் அவர்களுக்கு அவசரம் புரியும்.

சிங்கிள் ஃபேஸ் வீட்டில் உங்கள் சர்வீஸ் நியூட்ரல் மட்டும் அறுந்தால் காட்சி வேறு. எதுவும் எரியாது. ஆனால் பல்பு சுவிட்ச் போட்டிருக்கும்போது பிளக் பாயின்டின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரியும். ‘கரண்ட்தான் இல்லையே’ என்று வயரைத் தொட்டுவிட வேண்டாம். இருக்கிறது.

இன்னொன்று. நியூட்ரல் போன வீட்டில் எர்த் கம்பியை நியூட்ரலாகக் கொடுத்து ஓட்டிவிட்டுப் போகும் கைகாரர்கள் உண்டு. பல்பு எரியும், உண்மைதான். அந்த எர்த் குழி எங்காவது தொடர்பு விட்டால் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ் என எல்லா உலோக உடம்பிலும் 230 வோல்ட் ஏறிக்கொள்ளும். அப்படிச் செய்து தருகிறேன் என்பவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

தூணை, கம்பியை, குழாயை, சுவரைத் தொட்டால் சுள்ளென்கிறது

மழை விட்ட மறுநாள் எனக்கு வரும் போன்களில் பாதி இந்த ரகம்.

“தம்பி, வளவுல இரும்புத் தூணைத் தொட்டாச் சுள்ளுங்குது. நேத்து வரைக்கும் ஒண்ணுமில்ல.”

“ஆச்சி, இப்ப எங்க நிக்கிறீங்க?”

“வளவுலதான். தண்ணி வடிஞ்சிருச்சு, தரை மட்டும் நசநசன்னு இருக்கு.”

“தூணை விட்டுத் தள்ளிக் காஞ்ச இடத்துக்குப் போங்க. ரப்பர் செருப்பு போட்டுக்கங்க. மெயினை அமத்திட்டீங்களா?”

“எங்க மெயினை அப்பவே அமத்திட்டேன். இன்னமும் அடிக்குதே.”

அந்த ‘எங்க மெயின்’ என்ற சொல்லிலேயே விடை இருந்தது. தூணில் ஏறியிருந்தது கொழுந்தனார் பங்கின் லைன். தூணில் கட்டியிருந்த பல்புக்குப் போகும் வயர், மழைச்சாரலில் நனைந்து, துணி சுற்றிய பழைய ரப்பர் உறை வெடித்த இடத்தில் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

நம் வீட்டுச் சுவர் சுண்ணாம்புச் சுவர். வெளியே முட்டை வெள்ளைக் கருப் பூச்சு வழவழவென்று காய்ந்து தெரியும். ஆனால் உள்ளே குடித்த ஈரத்தைச் சுவர் நாட்கணக்கில் வைத்திருக்கும். அந்தச் சுவர் மேல் மரக்கட்டைக்குள் ஓடும் பழைய வயரிங் இருந்தால், மழை நின்று வெயில் வந்த பிறகும் கசிவு நிற்காது. ‘நேற்றுதான் மழை, இன்று வெயில் அடிக்கிறதே’ என்று நம்பவே கூடாது.

செய்ய வேண்டியது: மெயின் பெட்டி நனையாமல் இருந்தால், காய்ந்த மணைப்பலகை மேல் ஏறி நின்று, காய்ந்த கையால், ஒரு கையால் மட்டும் அணையுங்கள். பெட்டியே நனைந்திருந்தாலோ, அதற்குப் போகும் வழியில் தண்ணீர் நின்றாலோ போகாதீர்கள். ஈபியிடம் சொல்லிக் கம்பத்திலேயே துண்டிக்கச் சொல்லுங்கள். எல்லா மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்த பிறகும் அடித்தால், கசிவு மெயினுக்கு முன்னால், அதாவது சர்வீஸ் வயரில் இருக்கிறது. அந்த வயரைத் தாங்கி வரும் கம்பியோ, வயர் உரசும் தகரக் கூரையோ காரணமாக இருக்கும். அது ஈபி ஆள் மட்டுமே தொட வேண்டிய இடம்.

குழாயில் அடித்தால் முதலில் மோட்டாரையும் ஹீட்டரையும் சந்தேகப்படுங்கள். முற்றத்தில் துணி காயப்போடக் கட்டியிருக்கும் இரும்புக் கம்பியை இன்றைக்கே அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் தமிழ்நாட்டில் ஏதோ ஓர் ஊரில் துணி எடுக்கப் போனவர் செத்தார் என்று செய்தி வருகிறது. ஒரு கட்டுக் கயிற்றின் விலைதான்.

ஒருவர் ஷாக்கில் மாட்டிக்கொண்டால் அவரைப் பிடித்து இழுக்காதீர்கள், நீங்களும் மாட்டுவீர்கள். முதலில் கரண்டை நிறுத்த வேண்டும். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் அவரைத் தள்ளி விடுவிக்க வேண்டும். உடனே 108. மூச்சு இல்லையென்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

டிரிப்பர் நிற்க மாட்டேன் என்கிறது

டிரிப்பர், ஈ.எல்.சி.பி. என்று நாம் சொல்லும் ஆர்.சி.சி.பி. கருவி, போன கரண்ட் முழுவதும் திரும்பி வருகிறதா என்று எண்ணிக்கொண்டே இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு எங்காவது கசிந்தால் விழுந்துவிடும். அது விழுவது பழுதால் அல்ல, வேலையைச் செய்வதால். அதைத் தாண்டி வயரைக் கொடுத்து ‘டைரக்ட்’ பண்ணச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் புயல் நாளில் கிடையாது.

வீட்டுப் பிளக்குகளை எல்லாம் பிடுங்குங்கள். எல்லா எம்.சி.பி.யையும் (ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாக உள்ள சின்ன சுவிட்ச்) கீழே இறக்கி, ஆர்.சி.சி.பி.யை மட்டும் ஏற்றுங்கள். நின்றால், எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில் ஈரம் இருக்கிறது. அதை இறக்கியே வைத்துவிட்டு மற்றதை ஓட்டலாம். பெரும்பாலும் வெளிவிளக்கு, மோட்டார், முற்றத்துப் பிளக் பாயின்ட் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

எல்லாம் இறங்கியிருக்கும்போதே ஆர்.சி.சி.பி. விழுந்தால் கருவி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சாதாரண எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் வயர் ஈரச்சுவரில் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் இது விழும். அதைக் கண்டுபிடிக்க மெகர் (வயரின் உறை கசிகிறதா என்று அளக்கும் கருவி) வைத்து அளக்கும் எலெக்ட்ரீசியன் தேவை. 500 வோல்ட் மெகரில் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே குறைந்தது ஒரு மெகாஓம் காட்ட வேண்டும். ‘காட்டுகிறதா?’ என்று நீங்களே கேளுங்கள். கேட்டால்தான் அளப்பார்கள்.

ஃபேன் கம்பி வழியாகத் தண்ணீர் சொட்டுகிறது

மெத்தை மாடித் தளத்தில் தேங்கிய தண்ணீர் விரிசல் வழியாக இறங்கி, பைப்புக்குள் வயரோடு பயணம் செய்து, ஃபேன் கிண்ணத்தில் தேங்கி, கம்பியில் முத்து முத்தாக இறங்கும். கொக்கிக்குக் கீழே இருக்கும் அந்தக் கிண்ணத்துக்குள்தான் வயர் இணைப்பு இருக்கிறது. சொட்டு நின்றுவிட்டது என்று சுவிட்ச் போடாதீர்கள். அந்த அறையின் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, கிண்ணத்தைக் கீழே தள்ளி, இணைப்பைப் பிரித்துக் காயவிட்ட பிறகே ஓட்ட வேண்டும். தண்ணீருக்குள் மூழ்கிய பிளக் பாயின்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். நூறு, இருநூறு ரூபாய்ச் சாமானைத் துடைத்துக் காயவைத்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

பாதி வீட்டுக்கு மட்டும் கரண்ட். மோட்டார் ‘ம்ம்ம்’ என்று உறுமுகிறது, சுற்றவில்லை

ஒரு ஃபேஸ் போயிருக்கிறது. விளக்குக்கு இதனால் ஆபத்தில்லை. த்ரீ ஃபேஸ் மோட்டாருக்கு எமன். இரண்டு ஃபேஸில் சுற்றப் பார்த்து, சுற்ற முடியாமல், சில நிமிடங்களில் காயில் கருகிவிடும். சப்மெர்சிபிள் என்றால் போர்வெல்லிலிருந்து தூக்கும் கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புயல் முடிந்த முதல் இரண்டு மூன்று நாள் மோட்டாரை ஆட்டோ ஸ்டார்ட்டரில் விடாதீர்கள். மூன்று ஃபேஸ் விளக்கும் எரிகிறதா என்று பேனலில் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே நின்று ஓட்டுங்கள். சிங்கிள் ஃபேஸ் மோட்டார் உறுமினால் கேபாசிட்டரோ குறைந்த வோல்ட்டோ காரணம். மறுபடி மறுபடி பட்டனை அமுக்குவதால் எதுவும் சரியாகாது.

மீட்டர் பெட்டியில் ‘சர்ர்’ சத்தம், கருகல் வாடை

திறக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். தள்ளி நின்று ஈபிக்குச் சொல்லுங்கள். தீ பிடித்தால் 101.

காற்று சட்டென்று நின்றுவிட்டது. வெளியே போய்ப் பார்க்கலாமா?

கூடாது. புயலின் கண் தலைக்கு மேல் கடக்கும்போது அப்படித்தான் நிற்கும், வானம்கூட வெளுக்கும். கொஞ்ச நேரத்தில் காற்று எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். முதல் பாதியில் ஆட்டம் கண்ட மரமும் கூரை ஓடும் இரண்டாம் பாதியில் விழும். வானிலை மையம் சொல்லும்வரை முகப்புக் கதவைத் திறக்க வேண்டியதில்லை.

தெருவில் கம்பி அறுந்து கிடக்கிறது

செத்த கம்பி, உயிர்க் கம்பி என்று பார்த்தவுடன் சொல்ல யாராலும் முடியாது. பொறி பறக்கவில்லை, சத்தமில்லை என்பதெல்லாம் ஒன்றும் சொல்லாது. துண்டிக்கப்பட்ட லைனை எங்கோ இருக்கும் ஒருவர் எந்த நிமிடமும் திரும்பப் போடலாம். குறைந்தது பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஆளையும் மாட்டையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். கம்பி கிடக்கும் தண்ணீரில் கால் வைக்கவே கூடாது.

நீங்கள் ஏற்கெனவே அருகில் போய்விட்டீர்கள், காலில் கூசுகிறது என்றால், பெரிய எட்டு வைத்து ஓடாதீர்கள். ஈர மண்ணில் கம்பியிலிருந்து தள்ளிப்போகப் போக வோல்ட் குறைந்துகொண்டே வரும். இரண்டு காலும் தள்ளித் தள்ளி இருந்தால் அந்த வித்தியாசம் ஒரு கால் வழியாக ஏறி மறு கால் வழியாக இறங்கும். இரண்டு பாதத்தையும் ஒட்டினாற்போல் வைத்து, தரையை விட்டு எடுக்காமல், இழுத்து இழுத்து நகருங்கள்.

மின்கம்பத்தை இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்டே கம்பிக்கும் இதே மரியாதை கொடுங்கள். அதில் ஆடு கட்டுவதும் கொடி கட்டுவதும் மழைக்காலத்தில் உயிரோடு விளையாடுவது.

கேஸ் வாடை அடிக்கிறது

சமையல் கேஸுக்குச் சொந்த வாடை கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்றே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் மேலே போகாமல் தரையோடு படுத்து, தாழ்வான இடத்தைத் தேடிப் போகும். நம் வீட்டில் சமையல் கட்டு பின்னால், மற்ற கட்டுகளைவிட ஒரு படி தாழ்வாக இருந்தால் கேஸ் அங்கேயே தேங்கும். புயலுக்காகக் கதவு, ஜன்னல், வாயைத் திறந்த சாக்கடைத் துளை எல்லாவற்றையும் அடைத்து வைத்திருக்கும் நேரத்தில் கொஞ்சம் கசிந்தாலும் போதும்.

எந்தச் சுவிட்ச்சையும் தொடாதீர்கள். போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி உண்டு. இந்த ஒரு அறிகுறிக்கு மட்டும் ‘மெயினை அணை’ என்ற விதி வீட்டுக்குள் செல்லாது. மெயின் முகப்புக்கு வெளியே, கேஸ் எட்டாத தூரத்தில் இருந்தால் மட்டும் அணைக்கலாம். கரண்ட் இல்லாத நேரம் என்று மெழுகுவர்த்தி, காடா விளக்கு எரிந்துகொண்டிருக்குமே, அதை அணையுங்கள். பூஜை அறை விளக்கையும் மறக்க வேண்டாம். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டர் வாயில் அதன் மூடியைப் போட்டு இறுக்குங்கள். கதவு ஜன்னலைத் திறந்து, வீட்டாரை வெளியே கூட்டிக்கொண்டு போய், வெளியில் நின்று 1906 எண்ணுக்குப் பேசுங்கள். கேஸ் கசிவுக்கென்றே உள்ள எண், ராத்திரியும் எடுப்பார்கள்.

வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் போலிருந்தால் முன்கூட்டியே ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டு, சிலிண்டரை நிமிர்த்தியே உயரமான இடத்தில் கட்டி வையுங்கள். வெள்ளத்தில் சிலிண்டர் மிதக்கும். ரப்பர் டியூபோடு மிதந்து போனால் டியூப் பிய்ந்துகொள்ளும். ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபுக்கு ஐந்து வருடம்தான் ஆயுள். தேதி டியூப் மேலேயே அச்சாகியிருக்கும்.

இன்வெர்ட்டர் கத்துகிறது, ஜெனரேட்டர் ஓட்டலாமா?

பேட்டரி தண்ணீரில் நின்றிருந்தால் இன்வெர்ட்டரை ஓட்டாதீர்கள். கெட்டியாகப் பூட்டிய சின்ன அறையில் பேட்டரியை வைத்துச் சார்ஜ் போடுவதும் தவறு. லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், அதற்குக் காற்றோட்டம் வேண்டும்.

ஜெனரேட்டர் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். வாடகைக்கு எடுத்து வந்து, இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் சுவர்ப் பாயின்டில் செருகி வீட்டுக்குக் கொடுப்பவர்கள் உண்டு. மெயின் அணையாமல் இருந்தால் அந்த 230 வோல்ட் பின்பக்கமாகச் சர்வீஸ் வயர் ஏறி, டிரான்ஸ்ஃபார்மரில் நுழைந்து, மறுபக்கம் 11,000 வோல்ட்டாக வெளியே போகும். ‘லைன் ஆஃப்’ என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேன் அங்கே இருப்பார். ஜெனரேட்டர் வேண்டுமென்றால் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (ஈபி அல்லது ஜெனரேட்டர், இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைப்பது) கட்டாயம் வேண்டும். இல்லையென்றால், ஃபிரிட்ஜையும் மோட்டாரையும் ஜெனரேட்டரிலிருந்து தனி வயரில் நேராக ஓட்டுங்கள். ஜெனரேட்டரை வளவுக்குள்ளோ திண்ணையிலோ வைக்காதீர்கள். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். முற்றம் திறந்துதானே இருக்கிறது என்று சமாதானம் சொல்ல வேண்டாம். காற்று உள்நோக்கி அடித்தால் புகையும் உள்ளேதான் வரும்.

ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் நாலு மணி நேரம் தாங்கும், நிரம்பிய ஃப்ரீசர் இரண்டு நாள் வரை. அதற்காக ஜெனரேட்டருக்கு அவசரப்பட வேண்டாம்.

வளவில் தண்ணீர் ஏறுகிறது

முற்றத்தில் விழும் மழை, தாழ்வாரத்துக் கூடல்வாய் வழியாக இறங்கி, தரைக்கடியில் ஓடி, தெருக் கால்வாய் வழியே ஊருணிக்குப் போகும்படி அமைத்த வீடுகள் இவை. கால்வாய் அடைபட்டால் முற்றம் தொட்டியாகிவிடும். தண்ணீர் முற்றத்து விளிம்பைத் தாண்டிப் பத்திக்கு (முற்றத்தைச் சுற்றிய நடைக்கு) வருவதற்கு முன்பே மெயினை அணையுங்கள். பழைய வீட்டில் பிளக் பாயின்டைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்திருப்பார்கள். அதுவரை ஏற வெகுநேரம் ஆகாது. அணைத்த பிறகு ஒரு நீளக் கம்பால் முற்றத்துத் துளையைக் குத்திவிடுங்கள். பாதி நேரம் அடைத்திருப்பது வேப்பிலையும், ஓட்டிலிருந்து கழுவி வந்த பாசியும்தான். இந்த வேலையைப் புயல் சின்னம் வங்கக் கடலில் இருக்கும்போதே செய்துவிட்டால் ராத்திரியில் கம்பைத் தேட வேண்டியிருக்காது.

தண்ணீர்த் தொட்டியைக் காணோம். கிணற்றுத் தண்ணீர் கலங்கல்

காலியான பிளாஸ்டிக் தொட்டி, காற்றில் வெறும் டப்பா மாதிரி உருண்டு ஓடும். மாடி விளிம்பைத் தாண்டினால் கீழே யார் தலை என்று பார்க்காது. புயல் எச்சரிக்கை வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை தொட்டியை நிரப்புவது. ஆயிரம் லிட்டர் தொட்டியில் ஒரு டன் கனம் உட்கார்ந்துகொள்ளும். கரண்ட் போன நாட்களுக்குத் தண்ணீரும் ஆயிற்று.

கிணறு கலங்கியிருந்தால் பிளீச்சிங் பவுடர் போடும் கணக்கு இது. கிணற்று விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தண்ணீர் ஆழத்தால் பெருக்கி, 3.14 ஆல் பெருக்கி, நாலால் வகுத்தால் கன மீட்டர். அதை ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர், கலங்கலாக இருந்தால் இரண்டு மடங்கு. இரண்டு மீட்டர் விட்டமும் ஐந்து மீட்டர் தண்ணீரும் உள்ள கிணற்றில் 15,700 லிட்டர். அதற்குச் சுமார் 40 கிராம், கலங்கலுக்கு 80. பவுடரை அப்படியே கொட்டாதீர்கள். வாளியில் கூழாகக் கரைத்து, தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் எடுத்துக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்டுங்கள். அடியில் நிற்கும் சுண்ணாம்பு கிணற்றுக்கு வேண்டாம், தண்ணீரைக் கடினமாக்கும். குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். ராத்திரி போட்டுக் காலையில் இறைப்பது நல்லது. குடிக்கக் கொதிக்கவைத்தே குடியுங்கள். கழிவறைத் தண்ணீர் இறங்காமல் ‘குளுக் குளுக்’ என்றால் செப்டிக் டேங்கைச் சுற்றி மண் ஊறியிருக்கிறது, ஊற்று வடியும்வரை அதில் தண்ணீரைக் குறைத்துப் புழங்க வேண்டும். அந்தச் சமயத்தில் டேங்குக்குப் பக்கத்துக் கிணற்றை நம்பாதீர்கள்.

வீடு பூட்டிக் கிடக்கிறது, நீங்கள் சென்னையில் அல்லது சிங்கப்பூரில்

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் பாதி வீடுகளின் நிலை இதுதான். வருடத்தில் பத்து நாள் திறக்கும் வீட்டுக்கு வருடம் முழுவதும் கரண்ட் ஓட வேண்டிய அவசியம் என்ன? காவலாள் புழங்கும் முகப்பு விளக்குக்கும் மோட்டாருக்கும் தனி எம்.சி.பி. வைத்து, மீதியை ஊருக்குக் கிளம்பும்போதே இறக்கிவிடுங்கள்.

புயல் அன்று காவலாளுக்குப் போன் போட்டு ‘மெயினை ஆஃப் பண்ணுங்க’ என்று மட்டும் சொன்னால், அவர் கைக்கு எட்டிய ஒன்றை அணைத்துவிட்டுப் போய்விடுவார். முன்பே எழுதி ஒட்டிய பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: ‘அண்ணே, முகப்பு மெயின் இறங்கிருச்சா? இரண்டாம் கட்டு? இன்வெர்ட்டர் சுவிட்ச்? மாடி சோலார் பெட்டி?’ ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தண்ணீர் நிற்கும் இடத்தில் இறங்கி அணைக்க வேண்டாம் என்பதையும் அதே போனில் அழுத்திச் சொல்லிவிடுங்கள். சம்பளம் வாங்கும் ஆள், முதலாளி சொன்னாரே என்று எதிலும் இறங்கிவிடுவார்.

கரண்ட் வந்துவிட்டது என்று அவர் கூப்பிட்டாலும் உடனே போடச் சொல்லாதீர்கள். அரை மணி நேரம் பக்கத்து வீட்டு விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறி இறங்காமல் நின்று எரிந்தால், முகப்பு மெயினை ஏற்றி ஒரே ஒரு பல்பை மட்டும் போடட்டும். அது ஒழுங்காக எரிந்தால் காவலாள் விளக்கும் ஃபேனும் ஓடலாம். வளவு, இரண்டாம் கட்டு, மோட்டார் மூன்றும் எலெக்ட்ரீசியன் மெகர் வைத்துப் பார்க்கும்வரை இறங்கியே இருக்கட்டும்.